வேல்ஸில் வில்லங்கம் பார்த்தேன்

என் மகள் மல்லிகா வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். மாப்பிள்ளை குமரேசனும் டாக்டர்தான்; சேத்துப்பட்டுக்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் இருவரும் அங்கே ஒரு வீடு வாங்குவதாக முடிவு செய்து, "வந்து பாத்துட்டுப் போங்க நைனா" என்று எனக்கு எழுதினார்கள். பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது என்பதில்தான் கோளாறு. வீட்டைப் பார்ப்பது என்று அவள் நினைத்திருந்தாள். பத்திரத்தைப் பார்ப்பது என்று நான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆரணியில் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் மேஜை போட்டு முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். பட்டு முதலாளிகளுக்கு எழுதியிருக்கிறேன், தறிக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன், களம்பூர் அரிசி ஆலைகளில் ஐந்துக்கு எழுதியிருக்கிறேன். என் கையால் எழுதிய பத்திரங்களில் பின்னால் கோர்ட்டுக்குப் போனவை இரண்டே இரண்டு. இரண்டிலும் தவறு என்னுடையதல்ல.

என் மனைவி வரவில்லை. "ஆகாசத்துல அவ்ளோ நேரம் குந்திகினு இருக்க என்னால ஆவாது. நீங்க போயி உங்க வில்லங்கத்த பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆனால் பத்துக் கிலோ களம்பூர் அரிசியும், ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டில் நெய்த பட்டுப்புடவை ஒன்றும், நான்கு பாட்டில் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். லண்டனில் சுங்க அதிகாரி அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்து, "ஐயா, அரிசி இங்கேயும் கிடைக்குமே" என்றார். "களம்பூர் அரிசி கிடைக்குமா?" என்று கேட்டேன். போகச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வீட்டைக் காட்டினார்கள். கருங்கல் வீடு. புகைபோக்கி நான்கு, அதில் இரண்டு அடைபட்டவை. படிக்கட்டில் பதினைந்து படி. எங்கள் பக்கம் படியை எப்போதும் ஒற்றைப்படையில் கட்டுவது வழக்கம், அதனால் அந்த மட்டில் திருப்தி. எதிரே மலைச்சரிவில் நாற்பத்தொரு ஆடுகள். திரும்ப எண்ணியபோது நாற்பத்து மூன்று. நின்ற இடத்தில் நிற்காத பொருளை எண்ணுவதில் இதுதான் தொல்லை.

மல்லிகா மாடி ஜன்னலோரம் போய் நின்றாள். ஆறு மாதக் கர்ப்பம். "ஏழு வருஷத்துல ஆறு வாடக வீடு நைனா. ஒவ்வொரு தடவையும் மூட்ட கட்டிகினு போயிகினே இருக்கோம். இந்தக் கொழந்தையாவது ஒரே வீட்ல வளரணும்" என்றாள். சின்ன வயதில் பொம்மைக் கடை முன்னால்தான் அவள் முகத்தில் அந்த மாதிரி ஆசையைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. அன்றைக்குத் தவறினால், பட்டணத்திலிருந்து வேறொரு தம்பதி தயாராகக் காத்திருக்கிறார்கள். வீடு அவர்களுக்குப் போய்விடும்.

"மூலப்பத்திரம் எங்கே?" என்று கேட்டேன்.

"வக்கீல் பாத்துட்டாரு."

"அவர் பாத்தது அவருக்கு."

மாப்பிள்ளை நடுவில் வந்தார். "மாமா, இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கும். இந்த வீடு முன்னாடி ஒரு பெரிய எஸ்டேட்டோட கணக்கப்பிள்ளை வீடாம். பழைய ஜமீன் குடும்பம். அவங்க பத்திரமெல்லாம் ஜில்லா ஆவணக் காப்பகத்துல பத்திரமா வெச்சிருக்காங்க. யார் வேணாலும் போய்ப் பாக்கலாம்."

அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஒரு பத்திர எழுத்தரிடம் சொல்லலாமா? மல்லிகா தன் கணவரை முறைத்த முறைப்பு எனக்கும் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழம வரைக்கும் உங்களுக்கு டைம். போய்ப் பாருங்க. ஆனா ஒண்ணும் இல்லைன்னா வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றேன். முதல் பஸ் நிற்காமல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது போனபோது ஓட்டுநர் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். நானும் மரியாதைக்குக் கையசைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு காற்று வாங்க வந்தவர், "கையை நீட்டினால்தான் நிற்கும்" என்றார். ஆரணி பஸ் நிலையத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டிருப்பார்கள். நிற்காமல் போகும் தைரியம் எந்த ஓட்டுநருக்கும் கிடையாது. இங்கே ஒரு பெரிய மனிதன் குடையும் பையுமாக நிறுத்தத்தில் நின்றால் அது போதாதாம். நான்காவது பஸ்ஸுக்கு இரண்டு கையையும் நீட்டினேன். ஏதோ விபத்து என்று நினைத்து ஓட்டுநர் இறங்கியே வந்துவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பாட்டிமார்கள். யாருடைய சாவுக்கோ போனது பற்றிப் பேச்சு. ஒருத்தி சொன்னாள்: "அவளுக்கு இடுப்பு வலி, போகவில்லை." மற்றவள்: "எனக்கு முழங்கால் வலி, போனேன்." முதலாமவள்: "உனக்கு எப்போதும் வேடிக்கை பார்க்கணும்." இதைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைவு கொஞ்சம் தணிந்தது.

ஆவணக் காப்பகத்தில் வாசலிலேயே என் பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று பேனா. உள்ளே மை கூடாது, பென்சில்தான். பேனா இல்லாமல் பத்திரத்தின் முன்னால் உட்கார்வது கத்தியில்லாமல் நாவிதர் உட்கார்வது போல. பொறுப்பில் இருந்த அம்மாளின் பெயர் திருமதி பாரி. எனக்கு அந்தப் பெயர் நம்பிக்கை கொடுத்தது. "எங்கள் நாட்டில் பாரி என்று ஒரு வள்ளல் இருந்தார். முல்லைக்கொடி படருவதற்குத் தன் தேரையே கொடுத்துவிட்டார்" என்றேன்.

"நான் பென்சில்தான் கொடுக்க முடியும்" என்றார் அந்த அம்மாள்.

பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார். பழைய பத்திரங்கள் காகிதம் அல்ல, ஆட்டுத்தோல். அப்போதுதான் எதிர்மலை ஆடுகளின் வருங்காலம் எனக்குப் புரிந்தது. முதல் பத்திரத்தின் மேல் ஓரம் அலை அலையாக இருந்ததைப் பார்த்து, "எலி கடித்திருக்கிறது, கவனிக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன். எலி அல்லவாம். ஒரே தோலில் பத்திரத்தை இரண்டு தடவை எழுதி, நடுவில் வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுப்பார்களாம். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. வளைவு பொருந்தாவிட்டால் போலி. இந்த யோசனை ஆரணிக்கு வந்திருந்தால் நான் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெறும் சிலுவைக்குறி போட்டிருந்தார்கள். பெருவிரல் ரேகை கிடையாது. இரண்டு கோடு யார் வேண்டுமானாலும் போடலாமே! ஒரு குத்தகைப் பத்திரத்தில் வருஷத்துக்கு இரண்டு கொழுத்த கோழியும் ஒரு நாள் அறுவடை வேலையும் ஜமீனுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கொழுத்தது என்பதை யார் தீர்மானிப்பது? எழுதியவன் சொல்லாமல் விட்டுவிட்டான். நானாக இருந்தால் எடை போட்டிருப்பேன்.

புதுப் பத்திரத்துக்கு நாங்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கையில் கொடுப்போம் என்று திருமதி பாரியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்.

ஆனால் ஆட்களின் பெயர்களைப் பார்த்ததும் நான் உறவினர் வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டேன். ரீஸ் மகன் டேவிட், டேவிட் மகன் ஹாரி, ஹாரி மகன் ஹூவெல். நம் பத்திரத்தில் போலவே அப்பன் பெயரில்லாமல் ஆளே கிடையாது. பாரி என்பதும் 'ஹாரியின் மகன்' என்ற பழைய சொல் தேய்ந்து வந்ததுதானாம். அந்த அம்மாளே சொன்னார். "அப்படியானால் ஹாரியின் மகளுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"அவளையும் மகன் என்றுதான் எழுதுகிறோம்" என்றார் திருமதி பாரி. "இதோ நான் இருக்கிறேனே."

புதன்கிழமை குடும்ப ஆவணங்கள். மதியம் அங்கிருந்த உணவுக்கூடத்தில் கடல்பாசியை அரைத்து வேகவைத்துக் கறுப்பாக ஏதோ ஒன்று கொடுத்தார்கள். வண்டிச்சக்கரத்து மை என்று நினைத்தேன், சாப்பிட்டபோதும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை. கல்லில் சுட்ட ஒரு திராட்சைப் பணியாரம் மட்டும் நன்றாக இருந்தது. நான்கு சாப்பிட்டேன்.

திரும்பி வந்து வம்சாவளிச் சுருளை விரித்தேன். மேஜை போதவில்லை. ராஜாக்களில் ஆரம்பித்து, நடுவில் ஒரு தேவதையையும் சேர்த்துக்கொண்டு, கடைசி ஜமீன்தார் வரை வந்தது. அவருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். இரண்டு ஆண், ஒரு பெண்: க்வினெத். வீட்டு விற்பனைப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தேன். முப்பதுகளில் எஸ்டேட் சிதறியபோது, அந்தக் கணக்கப்பிள்ளை வீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு விற்றிருக்கிறார்கள். இப்போது விற்பவர் அந்த வாத்தியாரின் மகன். பத்திரத்தில் விற்றவர்கள் கையெழுத்து எத்தனை? இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில். பெண் வாரிசு கையெழுத்து இல்லை!

"உயில்படி எல்லாம் மகன்களுக்குத்தான்" என்றார் திருமதி பாரி. "மகள் கையெழுத்துத் தேவையே இல்லை."

எங்கள் பக்கமும் சட்டம் அப்படிச் சொல்லும். ஆனால் எந்தப் பத்திர எழுத்தனும் கூடப்பிறந்தவள் கையெழுத்து இல்லாமல் விடமாட்டான். சட்டம் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும்; கையெழுத்து ஒன்றையே சொல்லும். "அந்தப் பெண் எப்போது காலமானார்? அவருக்கு வாரிசு உண்டா?" என்று கேட்டேன்.

"மிஸ் க்வினெத்தா? தபால் ஆபீஸுக்கு மேல் மாடியில் இருக்கிறார். வம்சாவளியில் தன் பிறந்த வருஷம் தப்பு என்று மாதம் ஒரு தடவை என்னிடம் சண்டைக்கு வருவார்."

வியாழக்கிழமை. முந்தைய நாள் மாலையே, மிஸ் க்வினெத் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான்கெல்லை, புகைபோக்கி, கிணறு, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய நீர் எல்லாம் அடங்கும்படி இரண்டு பக்கம். முத்திரைத்தாள் இல்லாததுதான் குறை. மல்லிகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தால் அவளே மெச்சுவாள் என்பது என் எண்ணம்.

மிஸ் க்வினெத் நெட்டையான கிழவி. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். அறையில் ஏழு நாற்காலி. எதிலும் உட்கார இடமில்லை, எல்லாவற்றிலும் புத்தகம். ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக் காலி செய்து என்னை உட்கார வைத்து, கொதிக்கும் டீயைக் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"படியுங்கள்" என்றார்.

முழுக்கப் படித்தேன். "மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியதையையும் உரிமையையும்" என்ற இடத்தில் கையை உயர்த்தி, "அந்த வரி மறுபடி" என்றார். மறுபடி படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் பென்சிலை நீட்டினேன். பழக்கம் வந்துவிட்டது.

"நன்றாக எழுதுகிறீர்கள்" என்றார். "ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன் அம்மா?"

"அந்த வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். சொன்ன கையோடு அதை எழுதி வாங்கப் பார்க்கிறீர்களே!"

டீ இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கையெழுத்து?" என்று கேட்டார். கேட்டால் சொல்லிவிடும் சுபாவம் எனக்கு. பத்து மணி என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மல்லிகா சாப்பாடு போடும்போது உண்மையைச் சொன்னேன். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"எம்பது வயசு கெழவி சிவனேன்னு இருந்துச்சு. அதப் போயி எழுப்பி, உனக்குப் பங்கு இருக்குதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"நான் வாங்கிக்கத்தான் போனேன்மா."

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என்னா பேஜாரு நைனா இது!" கண்ணில் தண்ணீர் நின்றது. மாப்பிள்ளை அவள் தோளில் கையை வைத்து, "அந்தம்மா வராது. மாமா சொன்னதெல்லாம் அதுக்கு ஞாபகமே இருக்காது" என்றார். இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வக்கீல் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மிஸ் க்வினெத் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தலையில் இறகு வைத்த தொப்பி. வக்கீல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த அம்மாள் வீட்டில் உரிமை கோருகிறார்" என்றார்.

"சட்டப்படி உண்டா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஒரு துளியும் இல்லை. மூன்று வக்கீல்கள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம், நான் நான்காவது. ஆனால் ஒருவர் என் முன்னால் வந்து கோரிய பிறகு, உங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு நான் எழுதாமல் இருக்க முடியாது. பதில் வர இரண்டு வாரம் ஆகும்." சற்று நிறுத்தி, "விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார்" என்றார்.

மல்லிகா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

பத்திரம் மேஜை மேல் விரித்திருந்தது. பழக்க தோஷத்தில் தலைகீழாகவே படித்துக்கொண்டு போனேன். வாங்குபவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம். சாட்சி, விலாசம், தொழில்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடப்பிறந்தவள் விடுதலைப் பத்திரம் தர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் நாங்கள் மல்லுக்கட்ட மாட்டோம். "சரிம்மா, பங்க விட்டுக் குடுக்க வேணாம். சும்மா சாட்சியா ஒரு கையெழுத்துப் போடும்மா" என்போம். போட்டுவிடுவாள். சாட்சி போட்டவள் நாளைக்குக் கோர்ட்டில் ஏறி, இந்த விற்பனை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆரணியில் பாதிப் பத்திரங்களில் சாட்சிகள் அக்கா தங்கைகள்தான்.

மல்லிகாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். "சாட்சி யாரு போடப் போறாங்க?"

"ஆபீஸ் குமாஸ்தா."

"அந்தம்மாவப் போடச் சொல்லலாம்."

மல்லிகா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஆரணிப் பத்திர எழுத்தன் வீட்டில் வளர்ந்த பெண், விளக்கம் தேவைப்படவில்லை. "நீங்க எழுப்பினீங்க, நீங்களே கேளுங்க" என்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

மிஸ் க்வினெத்திடம் போய் நின்றேன். "அம்மா, நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இவர்கள் கையெழுத்துப் போடுவதற்குச் சாட்சியாக மட்டும் இருக்க முடியுமா?"

தொப்பி இறகு மெல்ல என் பக்கம் திரும்பியது. "இதுவும் உங்கள் ஊர் வழக்கமா?"

"ஆமாம்."

"சாட்சி என்றால், நான் இந்த அறையில் இருந்தேன், என் கண்ணெதிரில் இது நடந்தது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன். முழு உண்மையல்ல.

"என் தம்பிகள் விற்றபோது நானும் வந்தேன்" என்றார். "இதே ஊர், இதே தெரு. ஒரு பிஸ்கட் கொடுத்து வெளி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குளிர் உள்ளே போகும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்." பிறகு மல்லிகாவின் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாதம்?"

"ஆறு" என்றாள் மல்லிகா.

"அந்த வீட்டில் வடக்கு அறையில் காற்று வரும். குழந்தையை அங்கே படுக்க வைக்காதே." வக்கீலிடம் கையை நீட்டினார். "பேனா."

முதலில் மல்லிகா போட்டாள். பிறகு மாப்பிள்ளை. மிஸ் க்வினெத் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையெழுத்தையும் கண் இமைக்காமல் பார்த்தார். அப்புறம் தன் பெயரை எழுதினார்; ஒவ்வொரு எழுத்தும் தறியில் விழுந்த இழை மாதிரி நேராக இருந்தது. விலாசத்தில் தபால் ஆபீஸ் மாடியை எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு மூடியைப் போட்டு மூடினார்.

வக்கீல் எடுத்துப் படித்தார். இருமினார். மறுபடி படித்தார். "மிஸ் க்வினெத், தொழில் என்ற இடத்தில் 'வாரிசு' என்று எழுதியிருக்கிறீர்கள்."

"வேறு எந்த வேலைக்கும் என்னை வளர்க்கவில்லை" என்றார் அவர்.

"உங்கள் கோரிக்கை? வங்கிக்கு எழுத வேண்டுமா?"

"என்ன கோரிக்கை? நான் சாட்சிக்கு வந்தவள்" என்று சொல்லி எழுந்து, கையுறையை மாட்ட ஆரம்பித்தார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகா அந்த வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். வக்கீல் மட்டும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அதை என் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு இதில் அனுபவம் அதிகம் என்று கேள்விப்பட்டேன். இது செல்லுமா, ஐயா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அந்தம்மாள் சாட்சி போட்டதால் உரிமை போயிற்று. அதே வரியில் வாரிசு என்று எழுதியதால் உரிமை பதிவாயிற்று. முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு சாட்சிக் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் சார்பதிவாளராக இருந்தால் மேஜைக்கு இந்தப் பக்கம் தூக்கி எறிந்திருப்பார். மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தேன். கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தேன். மிஸ் க்வினெத் கதவருகே, ஒரு கையுறை மாட்டியும் ஒன்று மாட்டாமலும், நான் என்ன சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தார். மல்லிகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லும்" என்றேன்.